கிளுவைக்காகத்தான்

ஐம்பதுகளின் கடைசியில் எங்கள் ஊர்க் குளத்துக்கு நான்தான் நீர்க்கட்டி. மடை திறப்பதும் அடைப்பதும் என் வேலை. ஊர் நியமித்த கை தவிர வேறு கை மடையைத் தொடக் கூடாது. கூலி, அறுப்புக்கு அறுப்பு ஊரார் களத்தில் அளந்து போடும் நெல். வேறு பிழைப்பு இல்லை.

பங்குனியில் குளம் வற்றி, மடையோரம் மட்டும் தண்ணீர் கிடக்கும். மழையோடு வந்த கிளுவைகள் அங்கே கூடும். சின்ன வாத்து ஜாதி. மேய்ந்து கொழுத்து ஒருநாள் மொத்தமாக வடக்கே போய்விடும். எங்கே என்று நான் கேட்ட யாருக்கும் தெரியவில்லை. அதைப் பார்க்க விடியுமுன்னே கரைக்குப் போவேன். ஊரில் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

அன்று கிளுவைகள் எழும்புவதும் ஒரு சுற்றுச் சுற்றி மறுபடி தண்ணீரில் விழுவதுமாக இருந்தன. இன்றோ நாளையோ என்று நினைத்தேன். வெயில் ஏறும்போது பண்ணைக்காரர் வந்தார். குளத்துப் பாசனத்தில் பாதி நிலம் அவருடையது. கொடைரோட்டிலிருந்து அவர் சம்பந்தி வீட்டார் சாயங்காலம் துப்பாக்கியோடு வருகிறார்களாம். இப்போதே மடையைத் திறந்தால் தண்ணீர் சுருங்கும், பறவை கரையோரம் ஒண்டும், சுடத் தோது என்றார்.

மாட்டேன் என்றேன்.

ஊர்ப் பெரியவரைக் கூட்டி வந்தார். பெரியவருக்கு என்மேல் பிரியம். தனியே தள்ளிக்கொண்டு போனார்.

"ஏலே, மாடு குடிக்கத் தண்ணி வேணும்னு சொல்லிட்டுப் போ. ஊரே ஒம்பக்கம் நிக்கும்."

மாடு குடிக்க ஊரில் கிணறு இருந்தது. பண்ணைக்காரரிடம் திரும்பி வந்தேன்.

"மாட்டுக்கு இல்லய்யா. கிளுவைக்காகத்தான். அது போற வரைக்கும் தெறக்க மாட்டேன்."

"ஒனக்கு நெல்லு அளக்குறது கிளுவையா, நாங்களாடா?" என்றார் பண்ணைக்காரர்.

"நீங்கதான்" என்று சொல்லிவிட்டு மடைமேல் உட்கார்ந்தேன். பெரியவர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

பண்ணையாட்கள் வந்து நின்றார்கள். எவனும் மடையைத் தொடவில்லை. சாயங்காலம் ஜீப் வந்தது. பறவை தண்ணீர் நடுவில் இருந்தது, குண்டு எட்டவில்லை. முதல் வெடிக்கே எல்லாம் எழும்பின. வடக்கே, மலைக்கோட்டை இருக்கும் திசையில் போயின. கண்ணுக்கு மறையும் வரை பார்த்தேன்.

சித்திரையில் ஊர் கூடி மடையை வேறு ஆளிடம் கொடுத்தது. இப்பவாச்சும் மாட்டுக்குன்னு சொல்லேன் என்று பெரியவர் கூட்டத்திலேயே கேட்டார். சொல்லவில்லை. மறுநாள் வத்தலக்குண்டு சந்தைக்கு மூட்டை தூக்கப் போனேன்.