விமலராணியின் முகம் கொண்ட கடற்பூதம்

விமலராணிக்குக் கோபம் வந்தால் மூக்கு விடைக்கும். இடது புருவம் மட்டும் தனியாக மேலே ஏறும். இத்தாலியின் பலேர்மோ துறைமுகத்தில் கப்பல் கழுவும் அவளுடைய கணவன் விக்னராஜா, கூட வேலை செய்கிற எல்லோரிடமும் இதைச் சொல்லி வைத்திருந்தான். உலகத்துக்குச் சொன்னவர் ஒரு ஜப்பான்காரர்.

ஹொரியுச்சி என்ற அந்த மனிதர் சினிமாவுக்குப் பூதங்களைக் களிமண்ணில் செய்கிறவர். லிபெர்த்தா வீதியில் இருந்த ஒரு கலைச் சங்கம் அவரைக் கண்காட்சிக்கு அழைத்து, சங்கத் தலைவி சிஞ்ஞோரா லவீனியாவின் வீட்டுக் கீழ்த்தளத்தை அவருக்கு விட்டிருந்தது. அந்த வீட்டைத் துடைப்பவள் விமலராணி. ஆகவே களிமண்ணும் அவள் தலையில் விழுந்தது.

நகரங்களை மிதித்து நசுக்குகிற பூதங்களைச் செய்பவர், பல்லியைக் கண்டால் கதிரையில் ஏறி நின்றுவிடுவார். விமலராணிதான் கூட்டுகிற தும்புத்தடியோடு ஓடிவர வேண்டும். கை பல்லியை விரட்டும். வாய் போனில் விக்னராஜாவை ஏசும். ஹொரியுச்சி கதிரையில் நின்றபடியே மளமளவென்று தாளில் படம் கீறுவார். பல்லியைக் கீறுகிறார் என்றுதான் அவள் நினைத்திருந்தாள்.

ஒருநாள், சிலையை மூடியிருந்த ஈரத்துணியை விலக்கியவள் இரண்டடி பின்னால் பாய்ந்தாள். கூரையை முட்டிக்கொண்டு ஒரு கடற்பூதம். முதுகெல்லாம் முள், நெற்றியில் கொம்பு, இடுப்புக்குக் கீழே செதில். முகம் மட்டும் அவளுடையது.

பின்னால் நின்ற ஹொரியுச்சி இடுப்பு வளையக் குனிந்தார். இருவருக்கும் பொதுவாக இருந்தது அரைகுறை இத்தாலியன்தான். “மன்னியுங்கள். இப்படி ஒரு கோபத்தைத்தான் நான் தேடிக்கொண்டிருந்தேன். வேண்டாம் என்றால் உடைத்துவிடுகிறேன்.”

விமலராணி பூதத்தைச் சுற்றிவந்தாள். கொம்பைத் தொட்டாள். வாலைத் தட்டிப் பார்த்தாள். கடைசியில் பூதத்தின் முகவாய்க்குக் கீழே மடிந்திருந்த இரண்டாவது நாடியைக் காட்டினாள்.

“கொம்பு இருக்கட்டும். எனக்கு எங்கை ரெண்டு நாடி இருக்கு?”

அவர் அவசரமாகக் கத்தியை எடுத்து ஒரு நாடியைச் சீவினார். அவள் திருப்தியோடு வாளியைத் தூக்கிக்கொண்டு போனாள்.

திறப்பு விழாவுக்குப் பட்டுச்சேலை உடுத்திக்கொண்டு கணவனோடு போனாள். கழுத்தில் சால்வை சுற்றிய விமர்சகர் ஒருவர் பூதத்தின் முன்னால் கண்ணை மூடிக்கொண்டு பேசினார்: “இது மத்தியதரைக் கடலின் துயரம். நாடிழந்தவர்களின் மௌனம்!” கூட்டம் உருகியது. சிஞ்ஞோராவோ நிருபர்களிடம் தன் மூக்கைப் பக்கவாட்டில் திருப்பிக் காட்டிக்கொண்டிருந்தாள். “எங்கள் குடும்பத்து மூக்கு. என்னைப் பார்த்துத்தான் செய்தார்.”

அப்போதுதான் வாயில் பலகாரத்தோடு நிமிர்ந்த விக்னராஜா பூதத்தைக் கண்டான்.

“இஞ்சரும், இது நீரெல்லே! நான் மீன் பையை பஸ்ஸிலை விட்டிட்டு வந்த அண்டைக்கு நீர் பாத்த அதே பார்வை!”

“வாயை மூடுங்கோ! சனம் பாக்குது!”

மூக்கு விடைத்தது. இடது புருவம் ஏறியது. கூட்டம் பூதத்தையும் அவளையும் மாறிமாறிப் பார்த்தது. ஹொரியுச்சி எல்லோர் முன்னாலும் அவளுக்குக் குனிந்து வணங்கினார். விமர்சகர் மட்டும் தளரவில்லை. கையிலிருந்த குறிப்பில் மௌனத்தை அழித்துவிட்டு, அதை ‘வெடிக்கும் குரல்’ என்று திருத்திக்கொண்டார்.

சிஞ்ஞோராவின் முகம் சில நாள் தொங்கிக் கிடந்தது. வீட்டு வேலைக்கு வேறு ஆள் பார்க்கப்போவதாகவும் சாடை காட்டினாள். ஆனால் பேப்பரில் விமலராணியின் படம் வந்தபிறகு, சிஞ்ஞோராவின் சிநேகிதிகள் பூதத்தின் கையால் கோப்பி குடிக்க வரிசைகட்டினார்கள். இனி அவளை எப்படி வேலையிலிருந்து நிறுத்துவது? ஞாயிற்றுக்கிழமைகளில் வரமாட்டேன் என்று விமலராணி சொன்னபோதும், சிஞ்ஞோரா அவளுடைய இடது புருவத்தைப் பார்த்துவிட்டுச் சரியென்று தலையாட்டினாள்.

ஹொரியுச்சி ஊர் திரும்பியபின், ஒரு மத்தியானம் அவள் தனியாகக் கண்காட்சிக்குப் போனாள். தாயின் கையைப் பிடித்து வந்த சின்னப்பெண் ஒருத்தி பூதத்தை அண்ணாந்து பார்த்து வீறிட்டு அழுதாள். தாய் அவளைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடினாள். விமலராணிக்கு அந்தப் பிள்ளைமேல் பாவமாக இருந்தது. இருந்தாலும் உடனே வீட்டுக்குப் போக மனம் வரவில்லை. அடுத்த பிள்ளை வருகிறதா என்று வாசலைப் பார்த்தபடி, அங்கிருந்த நீள மர வாங்கில் வசதியாக உட்கார்ந்தாள்.