நாலு கூறாகப் போன மாத்திரை

சுண்ணாம்புக்குளத்து எல்லம்மாவுக்கு ஏரிக்குள் கண் தேவைப்பட்டதில்லை. இடுப்பளவுத் தண்ணீரில் உட்கார்ந்தபடியே நகர்ந்து சேற்றைத் துழாவுவாள். விரல் நுனியில் மீசை பட்டாலே வெள்ளை இறாலா, வரி இறாலா என்று தெரிந்துவிடும். பிடித்ததைப் போட ஓலைப் பறியைப் பல்லில் கடித்துத் தொங்கவிட்டிருப்பாள். அதனால் தண்ணீரில் இருக்கும்வரை பேச முடியாது. கரையேறியதும் அதற்கும் சேர்த்து வட்டியோடு பேசுவாள்.

ராஜாத்தி, இந்திராணி, சரோஜா, அவள் என்று நாலு பேர் ஒரு கூட்டு. யார் கையில் எவ்வளவு அகப்பட்டாலும் கரையில் கொட்டி நாலு கூறு போடுவார்கள். காய்ச்சலில் படுத்தவளுக்கும் கூறு உண்டு. அதைப் பெரிய தர்மமாக யாரும் நினைத்ததில்லை, பழக்கம் அப்படி.

போன ஆவணியில் எல்லம்மாவின் வலது கட்டைவிரல் அடியில் கெளுத்தி முள் ஏறியது. மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் போட்டாள். மூன்றாம் நாள் கை பன் மாதிரி உப்பிவிட்டது. ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டரம்மா கீறிச் சீழ் எடுத்துவிட்டு, செஃபலெக்சின் மாத்திரையை ஏழு நாளைக்குக் கொடுத்தார்.

"வீக்கம் வத்திடுச்சுன்னு நடுவுல நிறுத்தக் கூடாது. ஏழு நாளும் போடணும், தெரியுதா?"

"சரிங்கம்மா" என்றாள். மனதாரத்தான் சொன்னாள்.

இரண்டே நாளில் வீக்கம் பாதியானது. மூன்றாம் நாள் கூட்டாளிகள் அவளுடைய கூறைக் கொண்டுவந்தார்கள். ராஜாத்தி நொண்டிக்கொண்டு வந்தாள், காலில் நண்டு கடித்த புண். இந்திராணியின் உள்ளங்கையைச் சிப்பி கிழித்திருந்தது. சரோஜாவுக்கு நகக்கண்ணில் சீழ்.

"இன்னா மாத்திரக்கா அது, கையி இப்டி வத்திப்போச்சு? எனக்கும் ரெண்டு குடேன்" என்றாள் ராஜாத்தி.

ஏரியில் இறங்காமல் வீட்டில் கிடந்தவளுக்கு நாள் தவறாமல் கூறு வந்திருக்கிறது. மாத்திரையை மட்டும் தனியாகத் தின்பதா? கத்தரிக்கோலால் அட்டைகளை நாலு பங்காக வெட்டிக் கொடுத்தாள். கொடுக்கும்போது அவ்வளவு சந்தோஷம். அடி பைத்தியக்காரி, இறாலும் மருந்தும் ஒன்றா என்று கேட்க அங்கே ஆள் இல்லை. கேட்டிருந்தால் நம்மைத்தான் கஞ்சப்பிசினாறி என்றிருப்பாள்.

அவள் பங்கு மறுநாளே தீர்ந்தது. அடுத்த வாரம் கை மறுபடி வீங்கியது, இம்முறை முழங்கை வரை. கணவன் மாசிலாமணி அவளைச் சென்னைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினான். அங்கே செஃப்ட்ரியாக்சோன் ஊசியை நரம்பு வழியாக வேளை தவறாமல் ஏற்றினார்கள். உயிர் தங்கியது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் தங்கவில்லை.

"முதல்ல குடுத்த மாத்திரைய முழுசா போட்டீங்களா?" என்று கேட்டார் அங்கிருந்த டாக்டர்.

"நாலு பேரு துன்னோம் சார்."

"பாதியில விட்டா, செத்தது போக மிச்ச கிருமி திரும்ப வளரும்மா" என்றார் மெதுவாக. திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று எல்லம்மாவுக்கு இருந்தது.

ஊர் திரும்பியும் இதை யாரிடமும் அவள் சொல்லவில்லை. கூட்டாளிகள் விடாமல் கூறு கொண்டுவந்தார்கள். அந்த இறாலை ஆய உட்கார்ந்தால் கத்தி கையில் நிற்காது. யாரும் பார்க்காதபோது அழுதாள்.

மார்கழியில் சரோஜாவின் கையில் முள் ஏறியது. தன் மகனுக்குத் தொண்டை வலி வந்தபோது வாங்கியதில் மிஞ்சிய அட்டையை இந்திராணி எடுத்துக் கொடுத்தாளாம். ராஜாத்தி அதைக் கொண்டுவந்து எல்லம்மாவிடம் காட்டினாள்.

"இதுவும் உன் மாத்திர மாரிதானேக்கா? என் காலுக்கு ஒரே நாள்ல கேட்டுச்சு. உனக்குத்தான் கேக்கல, இன்னா விதியோ."

எல்லம்மா இடது கையால் அட்டையைப் பிடுங்கிக்கொண்டாள். வாயை மூடிக்கொண்டிருந்தால் இன்னொருத்தியின் கையும் போகும்.

"விதி இல்லடி. அது ஏழு நாளும் நான் துன்ன வேண்டியது. பிரிச்சதாலதான் விரல் போச்சுன்னு டாக்டரு சொன்னாரு. சரோஜாவ டாக்டராண்ட இட்டுனு போ. குடுக்கறத அவளே முழுசா துன்னட்டும்."

ராஜாத்திக்கு விளங்கச் சற்று நேரம் பிடித்தது. விளங்கியதும் எல்லம்மாவின் வலது கையை எடுத்துப் பார்த்தாள்.

"நான்தானேக்கா கேட்டேன்."

"நான்தான்டி வெட்டினேன்" என்று எல்லம்மா திரும்பத் திரும்பச் சொன்னாள். அது ராஜாத்தியின் காதில் விழவே இல்லை.