சொந்தக்காரங்ககிட்ட ஆரம்பி

திருவள்ளூரில் நான் வேலை பார்த்த துணிக்கடையில் துணி விற்பது இரண்டாம் வேலை. முதல் வேலை, கடையின் பெயர் போட்ட கிரெடிட் கார்டை வருகிறவர்கள் தலையில் கட்டுவது. நைட்டி எடுக்க வந்த அம்மாவிடம்கூட, "கார்டு ஒண்ணு போட்டுக்குங்கம்மா, பில்லுல தள்ளுபடி வரும்" என்று பல்லைக் காட்டிக்கொண்டு நிற்க வேண்டும். காலையில் ஷட்டர் தூக்கியதும் எங்களை வட்டமாக நிறுத்துவார்கள். முந்தின நாள் கார்டு பிடித்தவளுக்குக் கைதட்டல். பிடிக்காதவள் நடுவில் வந்து எல்லோர் முன்னாலும் காரணம் சொல்ல வேண்டும். என்ன காரணத்தைச் சொல்வது? யாரும் வேண்டாம் என்கிறார்கள், அவ்வளவுதான்.

நான் பெரும்பாலும் நடுவில்தான் நின்றேன். ஒரு நாள் மேனேஜர், "ஏம்மா, உனக்கு சொந்தக்காரங்களே இல்லியா? அவங்ககிட்ட ஆரம்பி" என்றார்.

எங்கள் வீடு செவ்வாப்பேட்டையில். முதலில் அப்பாவுக்குத்தான் போட்டேன். கம்பெனியில் காண்ட்ராக்டில் லோடு இறக்குகிற ஆளுக்குச் சம்பளச் சீட்டு ஏது? பேங்க் முடியாது என்றுவிட்டது. அதில் அவருக்கு வருத்தமில்லை. "ஒனுக்கு ஒண்ணு கொறஞ்சிபூட்ச்சேம்மா" என்றுதான் முகம் வாடினார்.

அந்தக் குறையைத் தீர்க்க அவரே கிளம்பினார். எங்கள் ஊர் ரயில்வே ஸ்டேஷன் வாசலில் ஆட்டோ ஓட்டுகிற தன் தம்பியிடம் போய், "டேய், கொயந்தய நடுவுல நிக்க வெக்கிறானுங்களாம்டா. ஒண்ணு போட்றா" என்று கெஞ்சினார். ஆட்டோ லோனை ஒழுங்காகக் கட்டியிருந்ததால் சித்தப்பாவுக்குக் கார்டு வந்துவிட்டது. பிறகு மாமா, தேர்வாய் கண்டிகையில் கம்பெனி வேலையிலிருந்த அத்தை மகன் என்று ஒருவரையும் நாங்கள் விடவில்லை. "சும்மா வாங்கி உள்ள வெச்சிடுங்க, தேய்க்கவே வாணாம்" என்றேன். எங்களுக்குச் சொல்லிக்கொடுத்ததும் அதுதான், நானும் நம்பினேன்.

தேய்க்காத கார்டுக்கும் வருஷக் கட்டணம் வந்தது. சித்தப்பா சவாரியில் இருக்கும்போதெல்லாம் பேங்கிலிருந்து யாரோ ஒரு பெண் இனிக்க இனிக்கக் கூப்பிட்டாள். போதாததற்கு நான் வேறு, "தெரிஞ்சவங்க நம்பர் இருந்தா குடுங்களேன்" என்று நச்சரித்தேன். போனில் என் பெயரைப் பார்த்தாலே எல்லோருக்கும் பேஜாரு. ஒரு காதுகுத்துப் பந்தியில் என் பக்கத்து இலை காலியாகவே கிடந்தது. அப்பா வந்து அதில் உட்கார்ந்தார். "எனுக்குத்தான் கார்டு குடுக்கமாட்டானே, நான் தைரியமா ஒக்காரலாம்" என்று சிரித்தார். நானும் சிரித்துவிட்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். கடையில் நிற்க இடமில்லை. பக்கத்து வீட்டு போனிலிருந்து அம்மா கூப்பிட்டாள். அவள் போனில் ரீசார்ஜ் முடிந்திருந்தது, அவளுக்கு மனப்பாடமாகத் தெரிந்த ஒரே நம்பர் என்னுடையதுதான்.

"அப்பா நெஞ்ச புடிச்சிக்கினு வுயுந்துட்டாருடி. ஆம்புலன்ஸுக்கு சொல்லியாச்சி, இன்னும் காணோம். சித்தப்பாவ சீக்கிரம் வரச்சொல்லு."

ஸ்டேஷனிலிருந்து வீடு ரொம்பப் பக்கம். கூப்பிட்டேன். மணி முழுதாக அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தேன், பாதியில் கட் செய்தார். மறுபடியும் கட். மாமா எடுக்கவில்லை, அத்தை மகனும் எடுக்கவில்லை. மெசேஜ் போட்டேன், யாரும் திறக்கவில்லை. எதிரே நின்ற ஒரு அம்மா சேலையைத் தூக்கிக் காட்டி, "இதுல வேற கலர் இல்லியா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். பில் போடுகிற பெண் என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தன் போனை நீட்டினாள். அதிலிருந்து அடித்தேன். தெரியாத அந்த நம்பரைச் சித்தப்பா முதல் மணியிலேயே எடுத்தார்.

"சொல்லுங்க, ஆட்டோவா? எங்க வரணும்?"

"எங்க ஊட்டுக்கு சித்தப்பா" என்றேன். அப்பா விழுந்ததைச் சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள் ஆட்டோ கிளம்பும் சத்தம் கேட்டது.

திருவள்ளூர் ஆஸ்பத்திரி வாசலுக்கு ஓடிப்போய் நான் காத்திருந்தேன். வழி நெடுக அப்பாவுக்கு மூச்சு இருந்ததாம். ஆட்டோவிலிருந்து இறக்கும்போது இல்லை. கடை யூனிபார்மிலேயே அவர் காலைக் கட்டிக்கொண்டு கத்தினேன்.

சாவுக்கு எல்லாச் சொந்தமும் வந்தது. சித்தப்பா என் எதிரே மண்ணில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டார்.

"கார்டுக்குத்தான் நீ அடிக்கிறேன்னு நெனச்சிக்கினு கட் பண்ட்டேம்மா. என் அண்ணனுக்குன்னு தெரியாதேம்மா."

அவரைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. அந்தக் கைகளைப் பிடித்துக்கொண்டு, "நானா இருந்தாலும் எடுத்திருக்கமாட்டேன் சித்தப்பா" என்றேன். ஆறுதலுக்குச் சொல்கிறேன் என்று எல்லோரும் நினைத்தார்கள். நான் நிஜத்தைத்தான் சொன்னேன்.