குளிர்த்தி இல்லாத நாடகம்

இந்த நாட்டில் நாடகம் முடிந்ததும் எல்லாரும் எழும்பி நின்று கை தட்டுகிறார்கள். பிறகு கோட்டைப் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். மேடையில் மூண்ட கோபத்தை யார் இறக்கி வைப்பது என்று ஒருவருக்கும் கவலை இல்லை.

பழைய கிரேக்க நாட்டுக் கதையாம். அதைப் பிரெஞ்சில் திருப்பி எழுதி, பாரிசுக்குப் பக்கத்தில் நாங்கள் இருக்கிற ஊர் மண்டபத்தில் ஒரு ஞாயிறு பின்னேரம் ஆடினார்கள். புருசன் வேறொருத்தியைத் தேடிப் போக, அந்த ஆத்திரத்தில் பெற்ற பிள்ளைகள் இரண்டையும் கொல்கிறாள் ஒருத்தி. அந்த வேசம் என் மகள் சுதாவுக்கு. அவளுடைய புருசனும் போன மாரியில் அப்படித்தான் போனான். ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை அவள். குசினியில் சமைத்துக்கொண்டே வசனம் பாடமாக்குவாள். பக்கத்து அறையில் அவளுடைய இரண்டு பொடியன்களும் விளையாடிக்கொண்டிருப்பார்கள். நான் எழும்பிப் போய் அந்த அறைக் கதவைச் சாத்துவேன்.

எங்கள் ஊர் பனிச்சங்கேணியில் நான் இருந்த காலத்தில் வைகாசி பிறந்தால் அம்மன் கோயிலில் கதை படிப்பார்கள். புருசனுக்கு நடந்த அநியாயத்துக்கு ஊரையே எரித்த அம்மன். எரித்ததோடு விட்டுவிட்டு யாரும் வீட்டுக்குப் போகமாட்டோம். கடைசியில் குளிர்த்தி இருக்கிறது. பாட்டுப் பாடி, வேப்பிலையால் தண்ணீர் தெளித்து அம்மனைக் குளிரப்பண்ணி, அந்தத் தண்ணீரை எங்கள் தலையிலும் வாங்கின பிறகுதான் கலைவோம்.

நாடகம் முடிந்ததும் மேடைக்குப் பின்னால் போனேன். நாடகம் பழக்கின வெள்ளைக்காரியிடம் தண்ணீர் கேட்டேன். எனக்குத் தலை சுற்றுகிறதென்று நினைத்துத் தண்ணீரோடு கதிரையும் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள். நான் கதிரையில் இருக்கவில்லை, தண்ணீரை மட்டும் வாங்கிக்கொண்டேன்.

"குனி மனே," என்றேன் சுதாவிடம்.

"அம்மா, இது கோயில் இல்ல. எல்லாரும் பாக்கிறாங்க."

"பாக்கட்டும். இந்தக் கோவத்தோட நீ பொடியன்களுக்கிட்டப் போகப்படாது."

"நடிப்புத்தானேம்மா?"

"நடிச்சது நீதானே. குனி."

குனிந்தாள். வேப்பிலைக்கு நான் எங்கே போக? வாய்க்குள் பாட்டைத் தொடங்கி, விரலால் தெளித்தேன். புருசனாக நடித்த நரைத்தாடிக்காரன் என்ன நினைத்தானோ, பக்கத்தில் வந்து அவனும் தலையைக் குனிந்தான்.

"இவனுக்கு இல்ல," என்றேன். "இவன் எரியட்டும்."

சுதா சிரித்தாள். சிரிக்கச் சிரிக்க அழுகை வந்துவிட்டது. பூசின மையெல்லாம் கரைந்தோட என் தோளில் சாய்ந்து நன்றாக அழுதாள். வெள்ளைக்காரி இதையும் நடிப்பென்று எடுத்தாளாக்கும், மெதுவாகக் கை தட்டினாள்.

வீட்டுக் கதவைத் திறந்ததும் பொடியன்கள் ஓடி வந்து தாயைக் கட்டிக்கொண்டார்கள். ஈரத் தலையைத் தொட்டுப் பார்த்து ஏதோ கேட்டார்கள். அவளும் ஏதோ சொன்னாள். எனக்குப் பாட்டு பாதியில் நின்றது நினைவு வந்தது. மூன்று பேரும் உள்ளே பிரெஞ்சில் சிரிக்க, வாசலில் நின்று மிச்சத்தை நான் தமிழில் பாடி முடித்தேன்.