எஸ்தர் அக்காவின் வகுப்பை நாம் நிறுத்திய கதை

எஸ்தர் அக்கா மாரடைப்பில் இறந்துவிட்ட செய்தி நம் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில், லிஃப்ட் பழுதுக்கும் தண்ணீர் லாரிக்கும் நடுவில் வந்தது. அரை மணி நேரத்துக்குள் கூப்பிய கைகள் வரிசையாக விழுந்தன. அவருடைய வகுப்பை நிறுத்தச் சொன்ன அதே ஆட்களின் கைகள்தான்.

பள்ளி வேனில் பிள்ளைகளை ஏற்றி இறக்குவது அவர் வேலை. ஞாயிறுதோறும் நம் கிளப் ஹாலில், ஆபத்தென்றால் எப்படிக் கத்துவது, எங்கே ஓடுவது, யாரிடம் சொல்வது என்று பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்தார். முதல் நாளே ஒரு தகப்பனார், "தெரியாதவங்ககிட்ட சாக்லேட் வாங்கக் கூடாதுன்னு சொல்லுங்க, போதும்" என்றார். அக்கா சிரித்தார். "தெரியாதவன் இந்த கேட்டத் தாண்டி வருவானா சார்? தெரிஞ்சவன்தான் கொயந்தய பேர் சொல்லிக் கூப்புடுவான்." பதினாறு கேமரா வாங்கி, பதினாறையும் கார்களைப் பார்க்கத் திருப்பி வைத்த சங்கத்துக்கு இது எங்கே புரியும்?

எனக்கும் புரியவில்லை. ஒருநாள் மழையில் என் தமக்கை மகள் அனுவை அழைத்துவர வேனருகே போனேன். அனுவின் வீட்டில் பேசிவைத்த ரகசியச் சொல்லை அக்கா கேட்டார். எனக்குத் தெரியாது. "நான் அவளோட மாமா" என்று எகிறினேன்.

"மாமாவா இருந்தா இன்னா? வார்த்தைய சொல்லு, இல்ல ஓரமா நில்லு நைனா."

கடவுச்சொல் இல்லாத எவனையும் சர்வருக்குள் விடாமலிருக்கத்தான் எனக்குச் சம்பளம். ஒரு குழந்தைக்கும் அந்தக் காவல் வேண்டும் என்று தோன்றாத படிப்பு.

பிறகு சங்கத் தலைவரின் அறுபதாம் பிறந்தநாள். போட்டோவுக்காக அனுவை இழுத்து மடியில் உட்காரவைத்தார். அவள், "எனக்குப் பிடிக்கல, விடுங்க!" என்று ஹால் அதிரக் கத்தி, இறங்கி ஓடினாள். தலைவருக்குத் தவறான எண்ணம் என்று யாரும் சொல்லவில்லை, அக்காவும் சொல்லவில்லை. ஆனால் மறுநாளே கூட்டம். பிள்ளைகளுக்கு மரியாதை போய்விட்டதாம். ஏழு வயதுக் குழந்தை மன்னிப்புக் கேட்க வேண்டுமாம்.

அக்கா எழுந்தார். "கொயந்த வேணாம்னுச்சு. நீங்க கைய எடுத்துட்டீங்க. அத்தோட முடிஞ்சுது. இன்னாத்துக்கு சாரி? நாளைக்கு எவனாவது புடிச்சா, சாரி கேக்கணுமேன்னு வாய மூடிக்கினு இருக்கும் சார்."

கையைத் தூக்கி வகுப்பை நிறுத்தினார்கள். அனு அழுதுகொண்டே சாரி சொன்னாள். நான் போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வரும் ஞாயிறன்று அதே ஹாலில் இரங்கல் கூட்டம். மாலை போடப்போவது தலைவர். 'தியாகச் செம்மல்' என்று பேனர் அடித்தாயிற்று. உயிரோடிருந்தபோது அக்கா கேட்டது வாரத்துக்கு ஒரு மணி நேரம். என்னைப் பேச அழைத்திருக்கிறார்கள், இதைத்தான் பேசுவேன்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது ஒரு பழக்கம். அனுவைத் தொடும் முன் கேட்கிறேன். நேற்று, "தூக்கட்டுமா?" என்று கையை நீட்டினேன். டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல், "வேணாம் மாமா" என்றாள்.

சாரி சொல்லவில்லை.