பாராட்டு மடலில் நீக்கிய வரி

எங்கள் கல்லூரியின் முன்னாள் மாணவர் சங்கம் ஆண்டுதோறும் இரண்டு விருதுகள் கொடுக்கும். தொழிலில் உயர்ந்தவருக்கு ஒன்று, சமூக சேவைக்கு ஒன்று. முதல் விருதுக்கு ஆள் தேடி நாங்கள் சிரமப்பட்டதே இல்லை. இங்கே படித்துவிட்டுப் பனியன் கம்பெனி வைத்து மேலே வந்தவர்கள் திருப்பூரில் ஏராளம். இரண்டாவதற்குத்தான் ஒவ்வொரு வருஷமும் இழுபறி. நான் அதே கல்லூரியில் படித்து அங்கேயே தமிழ் சொல்லிக்கொடுப்பவள். அதனால் பாராட்டு மடல் எழுதும் வேலை எப்போதும் என் தலையில் விழும்.

போன வருஷம் சேவை விருதுக்கு என் வகுப்புத் தோழியின் பெயரைச் சொன்னேன். கமிட்டியில் யாருக்கும் அவளைத் தெரியவில்லை. நான் விளக்கிச் சொன்ன பிறகு ஒப்புக்கொண்டார்கள்.

அவள் குடும்பம் தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தது. அப்பா இஸ்திரி மாஸ்டர். அவள் பட்டம் வாங்கிய பிறகு வேலம்பாளையத்தில் ஒரு கம்பெனியில், தைத்த பனியனில் குறை பார்க்கும் செக்கிங் வேலைக்குப் போனாள். இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறாள், சூப்பர்வைசராக. பக்கத்தில் நின்று வேலை செய்த வடநாட்டுப் பெண்களிடமிருந்து இந்தி கற்றுக்கொண்டாள். ஒரு முறை அவர்களில் ஒருத்தியைப் பிரசவத்துக்கு அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். டாக்டர் கேட்டதை இந்தியில் அந்தப் பெண்ணுக்கும், அந்தப் பெண் சொன்னதைத் தமிழில் டாக்டருக்கும் சொன்னாள். நர்ஸ்கள் இவள் நம்பரை வாங்கி வைத்துக்கொண்டார்கள். அதற்குப் பிறகு வடநாட்டுத் தொழிலாளி யார் வந்தாலும் இவளுக்கு போன் வரும். ஷிஃப்ட் முடிந்து போவாள், அவசரம் என்றால் பெர்மிஷன் போட்டுவிட்டுப் போவாள்.

பிழைத்தவர்களுக்கு மொழிபெயர்த்துச் சொல்வது பாதி வேலை. இறந்துபோனால் ஊருக்குச் சொல்ல வேண்டுமே, அதை ஒருவரும் செய்ய மாட்டார்கள். அந்த போனையும் அவள்தான் பேசுவாள்.

அப்படி ஒரு போனைப் பற்றி ஒருநாள் என்னிடம் சொன்னாள். ஜார்க்கண்டிலிருந்து வந்த பத்தொன்பது வயதுப் பெண். கம்பெனி ஹாஸ்டலில் தங்கியிருந்தவள். காய்ச்சல் வந்து நாலு நாள் மாத்திரையை விழுங்கிக்கொண்டு தையல் மெஷினில் உட்கார்ந்திருக்கிறாள். ஷிப்மென்ட் நேரம், வெளியே விடவில்லை. அஞ்சாவது நாள் நினைவில்லாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வந்தார்கள். மத்தியானத்துக்குள் போய்விட்டாள்.

"அவ அம்மாதான் போன எடுத்தா," என்றாள் தோழி. "எடுத்ததும், புள்ளைக்கு காய்ச்சல் கொறஞ்சிருச்சான்னு கேக்கா. காய்ச்சல்னு அவளுக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கு. எனக்கு இந்தியே மறந்துபோச்சுட்டி."

எந்தக் கம்பெனி என்றும் சொன்னாள். சில மாதம் கழித்து, தொழில் விருதுக்கு அந்தக் கம்பெனி முதலாளியின் பெயர் கமிட்டிக்கு வந்தது. எங்களுக்கு மூன்று வருஷம் சீனியர். கல்லூரிக்குப் புது ஆய்வகம் கட்டிக்கொடுத்தவர். எல்லோரும் ஒரே குரலில் சரி என்றார்கள். நானும் தலையாட்டினேன். அன்றைக்கு வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை.

அதற்குப் பிராயச்சித்தம் போலத்தான் தோழியின் பாராட்டு மடலில் அந்த வரியை எழுதினேன். 'காய்ச்சலோடு நான்கு நாள் தையல் மெஷினில் அமர்ந்து உயிர்விட்ட ஒரு மகளின் தாய்க்கு, அந்தச் செய்தியைச் சொன்ன குரல் இவருடையது.' கம்பெனி பெயரைக் குறிப்பிடவில்லை.

சங்கத் தலைவர் மடலைப் படித்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். கெட்டவர் என்று சொல்ல முடியாது. பேச்சில் ஒரு நாளும் மரியாதை குறையாத மனிதர்.

"ரொம்ப நல்லா எழுதியிருக்கீங்க டீச்சர். இந்த ஒரு வரி மட்டும் வேண்டாமுங்க," என்றார்.

யார் பெயரும் இல்லையே என்றேன்.

"பேரு இல்லீங்க. ஆனா மேடையில பக்கத்துல உக்கார்ந்திருக்கறவருக்குத் தெரியுமுங்களே. நல்ல நாளு அதுவுமா அவரு மனசு சங்கடப்படக் கூடாதுங்க."

தலைவருக்கும் விஷயம் தெரியும் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. கமிட்டியில் இன்னும் எத்தனை பேருக்குத் தெரியுமோ. அந்த வரியை எடுத்துவிட்டு 'வெளிமாநிலத் தொழிலாளர்களின் இன்ப துன்பங்களில் பங்கேற்று' என்று போட்டேன். ஐந்து நிமிஷ வேலை.

அழைப்பிதழைக் கொடுக்க அவள் வீட்டுக்குப் போனேன். ஒற்றை அறையும் சமையலறையும் உள்ள லைன் வீடு. அப்பா கட்டிலில் இருந்தார். நெஞ்சுச் சளியால் வேலையை விட்டுச் சில வருஷம் ஆகிறது. நான் விஷயத்தைச் சொன்னதும் அவர் எழுந்து நின்றுவிட்டார். மகள் படித்த கல்லூரிக்குள் ஒரு தடவைகூடப் போனதில்லை என்றார். பட்டம் வாங்கிய அன்றைக்கு ஓவர்டைமாம். இந்தத் தடவை கட்டாயம் வருவேன் என்று என்னிடம் சத்தியம் செய்வதுபோலச் சொன்னார்.

தோழி அழைப்பிதழைப் பிரித்து முழுவதும் படித்தாள். பிறகு என்னை வாசல் குழாயடிக்குக் கூட்டிக்கொண்டு வந்தாள்.

முதலாளியின் பெயரில் விரலை வைத்து, "இவ்வோளுமா மேடையில?" என்றாள்.

"ஆமா புள்ள. எனக்கே அப்புறந்தான் தெரிஞ்சுது," என்றேன். பொய். "உனக்கு வர இஷ்டமில்லைன்னா சொல்லு. நான் பேசிக்கறேன்."

அவள் வீட்டுக்குள் பார்த்தாள். அப்பா மேஜைமேல் போர்வையை விரித்து, இன்னும் பத்து நாள் இருக்கிற விழாவுக்குத் தன் வெள்ளைச் சட்டையை அப்போதே இஸ்திரி போட ஆரம்பித்திருந்தார். இரண்டு தேய்ப்புக்கு ஒரு தரம் நின்று மூச்சு வாங்கினார்.

"வாரேன்," என்றாள்.

விழா நன்றாகவே நடந்தது. முதலாளியைப் பற்றி ஒரு படம் போட்டார்கள். வரிசையாக மெஷின்கள், சீருடையில் பெண்கள், ஏற்றுமதிப் பெட்டிகள். தோழிக்குப் படம் எதுவும் போடவில்லை. போட்டோ கேட்டபோது, ஆஸ்பத்திரியில் நின்று யார் போட்டோ எடுப்பார்கள் என்று சொல்லிவிட்டாள். நான் எழுதிய மடலை நானே வாசித்தேன். அந்த இடம் வந்தபோது நிமிரவில்லை. வாசித்து முடித்ததும், யாரும் திட்டமிடாமலே, தொகுப்பாளர் தொழில் விருது பெற்றவரையே சேவை விருது பெறுபவருக்குப் பொன்னாடை போர்த்தும்படி அழைத்தார்.

அவர் உடனே எழுந்து வந்தார். கைகூப்பி, "உங்க சேவை ரொம்பப் பெருசுங்கம்மா," என்று மைக் இல்லாமலே சொன்னார். அவள் தலை குனிந்தாள். அவர் போர்த்தினார். போட்டோக்காரர் திரும்பி நிற்கச் சொன்னபோது இருவரும் திரும்பி நின்றார்கள். முன்வரிசையில் அவள் அப்பா இருமிக்கொண்டே கைதட்டினார்.

அவளுக்கு இரண்டு நிமிஷம் பேசக் கொடுத்தோம். எதைச் சொல்லிவிடுவாளோ என்று நான் தலைவரைப் பார்த்தேன். "எல்லாருக்கும் நன்றி. எங்க அப்பா வந்திருக்காவ," என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டாள். அப்போது எனக்கு வந்த நிம்மதியை நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது.

விருது கொடுத்தது அவளுக்கு வேறு வகையில் வினையாயிற்று. செய்தித்தாளில் போட்டோ வந்ததால் கம்பெனிகளுக்கு அவளைத் தெரிந்துவிட்டது. யாராவது இறந்தால் ஹெச்.ஆர். ஆட்களே அவளை அழைக்கத் தொடங்கினார்கள். மேடம், நீங்கள்தான் பக்குவமாகச் சொல்வீர்களாமே, மாரடைப்பு என்று சொல்லிவிடுங்கள் என்பார்களாம். முன்பு ஆஸ்பத்திரியில் கண்ணால் பார்த்ததைச் சொல்வாள். இப்போது பார்க்காததையும் சொல்லச் சொன்னார்கள்.

"விருது குடுத்து என்னைய வேலைக்கு வச்சிட்டாவட்டி," என்றாள். சிரிக்கவில்லை.

அன்றைக்குத்தான் நான் அந்த வரியைப் பற்றி அவளிடம் ஒப்புக்கொண்டேன். கமிட்டியில் தலையாட்டியதையும் குழாயடியில் சொன்ன பொய்யையும் சேர்த்துச் சொன்னேன். அவள் கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன்.

"நீ அத எழுதியிருப்பன்னு தெரியும். எடுத்திருப்பன்னும் தெரியும்," என்று மட்டும் சொன்னாள்.

அடுத்த கூட்டத்தில் கமிட்டியிலிருந்து விலகிக்கொண்டேன். உடம்பு சரியில்லை என்று காரணம் எழுதினேன். அதிலும் உண்மை இல்லை.

அவள் அப்பா மார்கழியில் இறந்தார். துக்கம் கேட்க வடநாட்டுப் பெண்கள் ஐம்பது அறுபது பேர் வந்து லைன் வீட்டுச் சந்து முழுவதையும் அடைத்துக்கொண்டு நின்றார்கள். முன்னாள் மாணவர் சங்கத்திலிருந்து ஒரு மாலை வந்தது.

அந்த ஜார்க்கண்ட் தாய் இன்னும் அவளுக்கு போன் செய்துகொண்டுதான் இருக்கிறாள். மகள் கடைசியாக என்ன சாப்பிட்டாள், பக்கத்தில் யார் இருந்தார்கள் என்று முதலில் கேட்டுக்கொண்டிருந்தாளாம். போன தை மாசம் வேறொன்று கேட்டிருக்கிறாள். சின்ன மகளுக்குத் திருப்பூரில் வேலை கிடைக்குமா என்று.

"வேண்டாம், அனுப்பாதீங்கன்னு சொன்னேன். அப்ப சாப்பாட்டுக்கு என்ன செய்யன்னு திருப்பிக் கேக்கா. நான் இல்லேன்னா ஏஜென்ட் கூட்டிட்டு வந்து எங்கயாவது விட்டுருவான்."

தன் கம்பெனியிலேயே பேசி, தன் செக்கிங் டேபிளிலேயே அந்தப் பெண்ணைச் சேர்த்துக்கொண்டாள். அப்பா படுத்திருந்த கட்டிலைக் கொடுத்து வீட்டிலேயே வைத்திருக்கிறாள். போன ஞாயிறு போயிருந்தேன். அந்தப் பெண் எனக்கு டீ போட்டுக்கொடுத்தாள். கொஞ்சம் தமிழ் வந்துவிட்டது. இங்கே எல்லாம் பிடித்திருக்கிறதா என்று கேட்டேன். பிடித்திருக்கிறது என்றாள். அக்கா வேலை பார்த்த கம்பெனி எந்தப் பக்கம் இருக்கிறது, உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டாள்.

தோழி சமையலறையிலிருந்து என்னைப் பார்த்தாள். தெரியாது என்று சொன்னேன்.