தோலோடு ஒரு கோழி

எங்கள் அத்தையைப் பெண் பார்க்க வந்தவர்களுக்கு எங்கள் வீட்டில் கேசரியும் பஜ்ஜியும் கொடுக்கவில்லை. பொரித்த கோழி கொடுத்தோம். இதை நான் யாரிடம் சொன்னாலும் முதலில் நம்புவதில்லை. நம்பினாலும், "மாப்பிள்ளை வீட்டுக்காரங்க எழுந்து போயிருப்பாங்களே" என்பார்கள். எழுந்துதான் போனார்கள். ஆனால் வாசலுக்கு இல்லை.

எனக்கு அப்போது எட்டு வயது. மாதனூரை ஒட்டிய ஊர் எங்களுடையது. அத்தை என்றால் அப்பாவின் தங்கை, எங்களோடுதான் இருந்தாள். ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் தைக்கிற பிரிவில் வேலை. காலையில் கம்பெனி பஸ் வந்து நிற்கும் முனை வரைக்கும் என்னையும் கூட்டிக்கொண்டு போவாள். என் பள்ளிக்கூடம் அங்கிருந்து பக்கம். பஸ் வேலூர்ப் பக்கத்து ஆட்களை ஏற்றிக்கொண்டு வரும். அதன் கடைசி ஜன்னலில் உட்கார்ந்திருக்கும் ஓர் அண்ணன், பஸ் நின்றதும் கையை வெளியே நீட்டி எனக்கு ஒரு கடலை மிட்டாய் கொடுப்பார். அத்தை அதைக் கவனிக்காதவள் போல ஏறிக்கொள்வாள். கம்பெனி பஸ் என்றால் பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுக்க ஓர் ஆளை வைத்திருப்பார்கள் போல என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அத்தைக்கு முப்பது தாண்டியிருந்தது. அதற்கு முன்னால் இரண்டு குடும்பங்கள் வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தன. இரண்டு தடவையும் அம்மா கேசரி கிண்டினாள். இரண்டு தடவையும் அத்தை பட்டுப்புடவை கட்டிக்கொண்டு, காபித் தட்டை ஏந்திக்கொண்டு, தரையைப் பார்த்தபடி வந்து நின்றாள். "ஊருக்குப் போய் சொல்லி அனுப்புறோம்" என்று கிளம்பிப் போனவர்கள் எதையும் சொல்லி அனுப்பவில்லை. பொண்ணுக்கு வயசு ஜாஸ்தி என்று பேசிக்கொண்டார்களாம். அது சுற்றி வளைத்து எங்கள் காதுக்கு வந்து சேரும். அந்த நாட்களில் அப்பா சாப்பிடும்போது தலை நிமிரமாட்டார். எனக்கு மட்டும் அவை நல்ல நாட்கள்தான். மிச்சக் கேசரி முழுக்க எனக்கு.

மூன்றாவதாக வந்த வரனை அத்தையோடு வேலை செய்யும் ஓர் அக்கா கொண்டுவந்தார். பையனுக்கு விரிஞ்சிபுரம். அதே கம்பெனியில் தோல் வெட்டுகிற பிரிவு. அப்பா இல்லை, அம்மா மட்டும். அந்த அம்மாவுக்கு எதுவும் லேசில் பிடிக்காது என்றும் அந்த அக்காவே சொல்லி வைத்தார்.

"ஒரே கம்பெனின்றாங்களே, நீ பார்த்திருக்கியாம்மா?" என்று அப்பா கேட்டார்.

"இல்லண்ணா. நாங்க மேல் மாடி. அவங்கல்லாம் கீழ" என்றாள் அத்தை, துவைத்த துணியை மடித்துக்கொண்டே. ஏற்கெனவே மடித்து வைத்த துணி அது.

அவர்கள் வருவது முடிவானதும் அத்தை ஒரு குண்டைத் தூக்கிப் போட்டாள். "கேசரி வேணாம் அண்ணி. நான் சிக்கன் பொரிக்கிறேன். வேலூர் ஏசி கடையில குடுப்பாங்களே, மொறுமொறுன்னு, அது."

அம்மா வாயைப் பிளந்தாள். "பொண்ணு பார்க்க வர்றாங்களா, கறி துன்ன வர்றாங்களா?"

"அந்தம்மாவ கண்ணு காட்டறதுக்கு வேலூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிருக்காரு. வர்ற வழியில அந்தக் கடையில வாங்கிக் குடுத்திருக்காரு. அதுல இருந்து அந்தப் பேச்சாவே இருக்காங்களாம்."

"உனக்கு எப்டி தெரியும்?"

"அக்கா சொன்னாங்க" என்றாள் அத்தை. அந்த அக்காவுக்கு எவ்வளவு விஷயம் தெரிந்திருக்கிறது என்று நான் வியந்துகொண்டேன்.

அவர்கள் வரும் நாளுக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமைகளில் ஒத்திகை நடந்தது. அரிசி டப்பா மீது செல்போனைச் சாய்த்து வைத்து, அதில் ஒரு பெண் சொல்லச் சொல்ல அத்தை செய்தாள். முதல் தடவை எண்ணெயில் போட்டதும் மாவு சட்டையைக் கழற்றுவது போலக் கழன்றுகொண்டது. கறி ஒரு பக்கம், மாவு ஒரு பக்கம் மிதந்தன. அடுத்த தடவை மேலே கருகிவிட்டது, உள்ளே எலும்போரம் சிவப்பாக இருந்தது. அப்பா அதையும் "நல்லாத்தாம்மா இருக்கு" என்று கடித்தார். அத்தை அவர் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டாள்.

"தோல் இருக்கணும். தோல உரிச்சுட்டா மாவு எதப் புடிச்சுக்கும்?" என்று அவளே ஒரு முடிவுக்கு வந்தாள்.

எங்கள் பக்கம் கோழிக்கடையில் தோலை உரித்துத்தான் கொடுப்பார்கள். தோலோடு வேண்டுமென்றால் வெந்நீரில் முக்கி இறகைப் பிடுங்க வேண்டும். கடை பாய்க்கு அது பேஜார் பிடித்த வேலை. அவர்கள் வரவேண்டிய ஞாயிற்றுக்கிழமை காலை அத்தையும் நானும் போய் நின்றபோது அவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டு அத்தையைப் பார்த்தார்.

"தோலோடயா? இன்னாமா, வாரம் பூரா கம்பெனில பாக்குற தோலு பத்தலையா?"

நின்றிருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். அத்தையும் சிரித்தாள். ஆனால் இடத்தை விட்டு நகரவில்லை. பாய் வெந்நீர் வைத்தார்.

மோரில் உப்பும் மிளகாய்த்தூளும் இஞ்சி பூண்டு விழுதும் கலந்து கறியை ஊற வைத்தாள். மைதாவோடு சோள மாவும் மிளகுத்தூளும் சேர்த்து அகலமான தட்டில் கொட்டினாள். ஒவ்வொரு துண்டையும் மாவில் புரட்டி, ஐஸ் தண்ணீரில் ஒரு முக்கு முக்கி, மறுபடி மாவில் போட்டு விரலால் அள்ளி அள்ளி அழுத்தினாள். அப்போது மாவு செதில் செதிலாக எழுந்து நின்றது. பெட்டிக்கடையிலிருந்து ஐஸ் வாங்கி, உருகுவதற்குள் ஓடி வருவது என் வேலை.

நான்கு மணிக்கு வருவதாகச் சொன்னவர்கள் மூன்று மணிக்கே வந்துவிட்டார்கள். அந்த அம்மாவும் பையனும் மட்டும். சமையலறையில் அத்தை பழைய சுடிதாரோடு, முழங்கை வரை மாவோடு நின்றிருந்தாள். பட்டுப்புடவை கட்டில் மேல் மடிப்புக் கலையாமல் கிடந்தது. முதல் ஈடு அப்போதுதான் எண்ணெயில் இறங்கியிருந்தது.

"நீ போய் புடவ மாத்து, நான் பார்த்துக்கிறேன்" என்று அம்மா அவளைத் தள்ளிக்கொண்டிருக்கும்போதே அடுப்பு ஒரு தடவை பக்கென்று சத்தம் போட்டு அணைந்தது. சிலிண்டர் தீர்ந்துவிட்டது.

"கர்த்தரே" என்றாள் அம்மா. மாற்று சிலிண்டர் இல்லை. பக்கத்து வீட்டார் கல்யாணத்துக்குப் போய் வீடு பூட்டியிருந்தது. கடாயில் கொதித்துக்கொண்டிருந்த எண்ணெய் மெல்ல மெல்ல அடங்கியது. அத்தை கரண்டியைப் பிடித்தபடி அந்தக் கடாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் முகம் அப்படி வெளுத்து நான் பார்த்ததில்லை.

கூடத்தில் அப்பா மழையைப் பற்றிப் பேசுவதும், நிறுத்துவதும், மறுபடி மழையைப் பற்றியே பேசுவதும் கேட்டது. பிறகு நாற்காலி நகர்ந்தது. அந்த அம்மா எழுந்து நேராகச் சமையலறைக்கு வந்து நிலையில் கை வைத்து நின்றார். குள்ளமான, கனத்த உடம்பு. கண்ணாடிக்குப் பின்னால் கண்கள் பெரிசாகத் தெரிந்தன.

"இன்னா ஆச்சு?"

அம்மா அத்தையை மறைத்துக்கொண்டு முன்னால் வந்தாள். "ஒண்ணுமில்லீங்க. நீங்க உக்காருங்க. பொண்ணு இதோ ரெடியாயிடும்."

"கேஸ் தீந்துடுச்சுங்க" என்றாள் அத்தை, அம்மாவின் தோளுக்குப் பின்னாலிருந்து. "பாதிதான் வெந்திருக்கு."

அந்த அம்மா அத்தையை மேலிருந்து கீழாகப் பார்த்தார். மாவுக் கை, வியர்வை, பழைய சுடிதார் எல்லாவற்றையும் பார்த்தார். பிறகு தட்டில் இருந்த கறியைக் குனிந்து பார்த்தார்.

"தோலோடவா வாங்கின?"

"ஆமாங்க."

"எவன் குடுத்தான்? எங்க ஊர்ல கேட்டா சிரிக்கிறான்."

"இங்கயும் சிரிச்சாங்க. நின்னு வாங்கினேன்."

அந்த அம்மா புடவையைத் தூக்கி இடுப்பில் செருகினார். "பின்னாடி விறகு அடுப்பு கீதா?"

இருந்தது. குளிக்க வெந்நீர் போடும் அடுப்பு. அம்மா ஓடிப்போய்ச் சுள்ளி அள்ளிப் போட்டாள். அந்த அம்மா ஒரு கரித்துணியை அத்தை கையில் கொடுத்துவிட்டு, இன்னொன்றைத் தன் கையில் சுற்றிக்கொண்டார். இரண்டு பேரும் கடாயின் ஆளுக்கொரு காதைப் பிடித்து, அந்தக் காய்ந்த எண்ணெயோடு தூக்கினார்கள். நான் பின்கதவைப் பிடித்துக்கொண்டேன்.

"மெதுவா."

"படி இருக்குதுங்க, பார்த்து."

"நீ பாத்து வா. என்னப் பாக்காத, எண்ணெயப் பாரு."

ஒருவர் தடுமாறினால் இருவர் மேலும் கொட்டும். மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஒரே மாதிரி அடியெடுத்து வைத்து, அவர்கள் அந்தக் கதவைத் தாண்டிப் போனதை இப்போதும் என்னால் பார்க்க முடிகிறது. அடுப்பின் மேல் கடாயை இறக்கியதும் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் மூச்சு விட்டார்கள்.

பெண் பார்த்தல் அங்கேதான் நடந்தது. அந்த அம்மா பலகையில் உட்கார்ந்து விறகைத் தள்ளியும் இழுத்தும் தீயைக் கட்டுக்குள் வைத்தார். அத்தை குத்துக்காலிட்டு உட்கார்ந்து பொரித்தாள்.

"வயசு இன்னா உனக்கு?"

அம்மா இருமினாள். முப்பது என்று சொல்வதாக வீட்டில் பேசி வைத்திருந்தது.

"முப்பத்தி மூணு" என்றாள் அத்தை.

"எம்புள்ளைக்கு முப்பத்தி ஒண்ணு."

"தெரியுங்க."

"ரெண்டு வயசு குறைச்சு சொல்லியிருக்கலாமே."

அத்தை ஒரு துண்டைத் திருப்பிப் போட்டாள். "அப்பறம் நெசத்த எப்ப சொல்றதுங்க?"

அந்த அம்மா ஒரு கட்டையை வெளியே இழுத்துத் தணலைத் தட்டினார்.

அந்த நேரம் பார்த்து, தண்ணீர் கேட்டுக்கொண்டு மாப்பிள்ளை பின்கட்டுக்கு வந்தார். கூடத்தில் அவர் முகத்தை நான் சரியாகப் பார்த்திருக்கவில்லை. இப்போது வெயிலில் நின்றதும் தெரிந்துவிட்டது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

"அத்தை! கடலை மிட்டாய் அண்ணன்! நம்ம பஸ்..."

மீதியைச் சொல்ல முடியவில்லை. அத்தை தட்டிலிருந்து ஒரு துண்டை எடுத்து என் வாயில் திணித்துவிட்டாள். நாக்கு பொசுங்கியது. கண்ணில் தண்ணீர் வந்தது. ஆனாலும் முதல் துண்டு எனக்கே கிடைத்ததில், அத்தைக்கு என் மேல் எவ்வளவு பிரியம் என்று நெகிழ்ந்துபோனேன். மாப்பிள்ளை தண்ணீர் வாங்காமலே திரும்பி உள்ளே போனார்.

"சூடுடி! ஊதிக் குடு புள்ளைக்கு" என்றார் அந்த அம்மா. பிறகு அடுப்பின் பக்கம் நன்றாகத் திரும்பி உட்கார்ந்துகொண்டார். அவருடைய தோள் குலுங்கிக்கொண்டே இருந்தது. புகை ஏறிவிட்டது போல என்று நான் ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன்.

யாரும் கூடத்துக்குத் திரும்பவில்லை. அப்பாவும் மாப்பிள்ளையும் பின்கட்டுக்கே வந்து, சுவரோரம் நின்றபடி தட்டை வாங்கிக்கொண்டார்கள். அந்த அம்மா முதல் கடி கடித்தார். மொறுக்கென்று சத்தம் கேட்டது. அப்பா மெல்லுவதை நிறுத்திவிட்டு அவர் முகத்தைப் பார்த்தார். அம்மாவும் பார்த்தாள். அத்தை மட்டும் கடாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எலும்பு வரைக்கும் சாப்பிட்டு முடித்து, இன்னொரு துண்டைத் தானே எடுத்துக்கொண்ட பிறகுதான் அந்த அம்மா வாய் திறந்தார்.

"கடையில உப்பு ஜாஸ்தி. இது சரியா கீது."

கிளம்பும்போது அப்பா வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். முந்தைய தடவைகளில் கேட்ட வார்த்தையை இந்தத் தடவை அவரே சொன்னார். "அப்ப... ஊருக்குப் போய் சொல்லி அனுப்புங்க."

"எதுக்கு போயி, எதுக்கு அனுப்பறது? சர்ச்சுல கேட்டு நீங்க ஒரு தேதி சொல்லுங்க" என்றார் அந்த அம்மா. பிறகு தன் முந்தானையை எடுத்து அத்தையின் கன்னத்தில் காய்ந்திருந்த மாவைத் துடைத்துவிட்டார். கொஞ்சம் அழுத்தியே துடைத்தார். அத்தை அசையாமல் காட்டிக்கொண்டு நின்றாள்.

அவர்கள் போன பிறகு அப்பா நாற்காலியில் உட்கார்ந்து, அணைந்திருந்த டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அத்தையைக் காணவில்லை. தேடிக்கொண்டு பின்கட்டுக்குப் போனேன். அவள் பலகையில் உட்கார்ந்து, முழங்காலில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். சத்தமே இல்லை. முதுகு மட்டும் ஏறி இறங்கியது.

காரணம் எனக்கு உடனே விளங்கிவிட்டது. தட்டு காலி. காலையிலிருந்து அவ்வளவு பாடுபட்டவளுக்கு ஒரு துண்டுகூட மிஞ்சவில்லை. மறுநாள் பள்ளிக்கூடத்துக்கு எடுத்துப்போக நான் ஒரு துண்டைக் காகிதத்தில் சுற்றி கவுன் பைக்குள் ஒளித்து வைத்திருந்தேன். மனசில்லாமல்தான் எடுத்து நீட்டினேன்.

"எல்லாத்தையும் அவங்களே சாப்ட்டுட்டாங்கன்னு அழுவாத அத்தை. இந்தா."

அத்தை நிமிர்ந்து பார்த்தாள். சிரித்தாள். சிரித்துக்கொண்டே இன்னும் அதிகமாக அழுதாள். அதை வாங்கிப் பிரித்தாள். பைக்குள் கிடந்து வேர்த்து, மாவெல்லாம் ஊறித் தொளதொளவென்று ஆகியிருந்தது. காகிதத்தின் எழுத்துகூட ஒரு பக்கம் ஒட்டியிருந்தது. அவள் அதைக் கடித்தாள். சத்தமே வரவில்லை.

"மொறுமொறுன்னு கீதா?" என்று சந்தேகத்தோடு கேட்டேன்.

"ம்" என்றாள், மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "நல்லா மொறுமொறுன்னு கீதுடி கண்ணு." மிச்சம் வைக்காமல் சாப்பிட்டு, விரலையும் சூப்பினாள்.

எனக்குப் பயமாகிவிட்டது. உள்ளே ஓடி, பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த அம்மாவின் புடவையைப் பிடித்து இழுத்தேன். "அத்தைக்கு வாயில ருசியே தெரியலம்மா. வேலூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போலாமா?"

அம்மா பின்கதவு வழியாக அத்தையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு ஈரக் கையாலேயே என்னை இழுத்துத் தன் வயிற்றோடு அணைத்துக்கொண்டாள். அவளும் அழுதாள். ஒரு கோழிக்கு இத்தனை பேர் அழுவார்களா என்று எண்ணியபடி நான் அவள் பிடிக்குள் நின்றுகொண்டிருந்தேன்.